மிதிக்க விடமாட்டேன்

1946 ஜனவரி 14, திங்கள்

நேற்று பூசை முடிந்து வந்ததும் என்னைக் குப்புறப் போட்டு மிதித்தார்கள். சண்டை இல்லை, வைத்தியம்.

நாலைந்து நாளாக இடுப்பில் பிடிப்பு. தெருமுனைக் கிணற்றில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது உள்ளே ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. அடுத்த வீட்டுச் சீனித்தாய், பிறக்கும்போது காலை முதலில் நீட்டிக்கொண்டு வந்தவளாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் நம்பிக்கை. மூன்று ஞாயிறு மிதிக்க வேண்டும். சீனித்தாய் உப்பளத்தில் வேலை பார்க்கிறவள், நல்ல கனத்த உடம்பு. முதல் மிதியில் மூச்சு நின்றது. இரண்டாவதில் இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரைக்கும் நெருப்பு ஓடியது.

"விட்டுப்போச்சா ஏளா?" என்று மாமி கேட்டார்கள்.

"உசுருதான் விட்டுப்போச்சு" என்றேன்.

ஜனவரி 15

எழுந்திருக்க முடியவில்லை. மல்லாந்து கிடந்து எழுதினால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது. பென்சிலுக்கு மாறியிருக்கிறேன்.

ஜனவரி 17

நடிப்பாம். மாமி குசினியில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு எனக்குக் கேட்கிற மாதிரி சுவரிடம் பேசுகிறார்கள். "புருஷன் கொழும்புக்குத் தோணி ஏறின உடனே இவளுக்கு இடுப்பு போயிருச்சு." நான் என்ன, சுகமாகவா கிடக்கிறேன்? தும்மினால் காலில் மின்னல் வெட்டுகிறது. ஒன்றுக்குப் போக எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி ஒருக்களித்து நகர்கிறேன். உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அப்புறம் நேராகவே வந்து சொன்னார்கள்: "இன்னும் ரெண்டு ஞாயிறு மிதி வாங்கு. மாட்டேன்னா, எம்மவன் சிலுவை வரதுக்குள்ள ஒன்ன வீரபாண்டியன்பட்டினத்துக்கு வண்டி ஏத்திருவேன். ஒங்க அம்ம வீட்டுல கிட."

இடுப்பு போனவள் என்று அனுப்பப்பட்டவள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம், மடியில் பிள்ளையும் இல்லை. போனால் போனதுதான்.

பயமாக இருக்கிறது. அதற்காக மிதி வாங்குவேனா? மாட்டேன்.

ஜனவரி 20, ஞாயிறு

வந்துவிட்டாள் சீனித்தாய். மாமி என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து என்னைக் குப்புறப் புரட்டப் பார்த்தார்கள். வலியில் கத்தினேன். எப்படியோ ஒரு கையை உருவிக்கொண்டு சீனித்தாயின் கணுக்காலைப் பிடித்தேன்.

"மிதிச்ச, கடிச்சுப்போடுவேன்!"

"ஆத்தாடி, இவளுக்குப் பேய் புடிச்சிருக்கு" என்று அவள் காலை இழுக்கிறாள், நான் விடவில்லை. கடைசியில் அவள்தான் கெஞ்சினாள். தெருவே சன்னலில் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். இது என் முதுகு.

ஜனவரி 22

எதிர்வீட்டில் பிரசவம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஞானபாக்கியம் ஜட்காவில் வந்து இறங்கினதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்கள் வேலை முடிந்து வெளியே வந்ததும் படுத்த இடத்திலிருந்தே கூப்பாடு போட்டேன். "டாக்டரம்மா! இங்கன ஒருத்தி செத்துக்கிட்டு இருக்கா!" மாமிக்கு மானம் போயிற்று. ஆனால் டாக்டரம்மா வந்துவிட்டார்கள்.

முழங்காலை மடக்காமல் என் இடது காலைத் தூக்கினார்கள். கொஞ்சம் தூக்கியதுமே அலறினேன். பிறகு பெருவிரலைத் தன் விரலால் அழுத்திக்கொண்டு, "இதை மேலே தூக்கு" என்றார்கள். தூக்குகிறேன், தூக்குகிறேன், விரல் அசையவே இல்லை. என் விரல்தானே அது? அப்போதுதான் அழுதேன்.

அவர்கள் சொன்னதை மறக்குமுன் எழுதி வைக்கிறேன். முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின துண்டுகள். ஒவ்வொரு இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு வில்லை. சுற்றிலும் கெட்டி, உள்ளே குழகுழவென்று இருக்கும். "நுங்கை அழுத்திப் பிடிச்சா என்ன ஆகும்?" "பிதுங்கும்." "அதேதான். பிதுங்கினது காலுக்குப் போற நரம்புமேல உட்கார்ந்திருக்கு." துறைமுகத்தில் தலைச்சுமை தூக்குகிறவர்களுக்கு இதே கோளாறு கழுத்தில் வருமாம், கை மரத்துப்போகுமாம். முன்பெல்லாம் இதை வாதம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்களாம். வில்லைதான் காரணம் என்று தெரிந்தே பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறதாம்.

கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் வடம் மாதிரி தசை ஓடுகிறது. என் முதுகில் அது கல்லாக இறுகிக் கிடக்கிறது. அந்த இறுக்கத்தைத்தான் நாம் பிடிப்பு என்கிறோம். "அது நோயில்லைம்மா, காவல். உள்ளே அடிபட்ட இடம் அசையாம இருக்கத் தசை இறுக்கிப் பிடிச்சு நிக்குது." அந்தக் காவல்காரனைத்தான் சீனித்தாயை விட்டு மிதிக்கச் சொன்னோம்!

பன்னிரண்டு வயசிலிருந்து இடது இடுப்பில்தான் குடம் வைக்கிறேன். இடது பக்கத் தசை குறுகியும் வலது பக்கம் இழுபட்டும் இருக்கிறதென்று தொட்டுக் காட்டினார்கள்.

மருந்து என்ன தெரியுமா? பலகையில் படுக்க வேண்டும். ஆறு வாரம். சும்மா.

மாமி வாசலில் நின்று கேட்டார்கள்: "இன்னும் ரெண்டு தடவ மிதிச்சா சரியாப்போகாதா?"

"இன்னொரு தடவை மிதிச்சா கால் போயிடும். மூத்திரம் கட்டிப்போகும். அப்புறம் மெட்ராசுக்குக் கொண்டுபோய்க் கத்தி வைக்கணும்."



ஜனவரி 23

பலகைக்கு எங்கே போக? மாமியிடம் கொல்லைக் கதவைக் கழற்றச் சொன்னேன். "நாய் வருமே" என்றார்கள். "வரட்டும், அதுக்கும் ஒரு வாய் கஞ்சி ஊத்துங்க." கழற்றியாகிவிட்டது.

பிப்ரவரி 3

பார்க்க வருகிறவர்கள் தொல்லை. ஒருத்தி வேப்பெண்ணெய் என்கிறாள். ஒருத்தி நேர்ச்சை வை என்கிறாள். ஒருத்தி, "எங்க காலத்துல பிள்ள பெத்த மறுநாளே தண்ணி எடுத்தோம்" என்கிறாள். "அதான் எல்லாரும் வில்லு மாதிரி வளைஞ்சு திரியிறிய" என்றேன். வாயாடி என்று பேர் வாங்கியாயிற்று. சும்மா கிடப்பதற்கு இவ்வளவு சண்டை போட வேண்டும் என்று யார் நினைத்தார்கள்?

பிப்ரவரி 10

சீனித்தாய் வந்து கதவோரம் உட்கார்ந்து அழுதாள். "நல்லதுக்குத்தான் மிதிச்சேன் அற்புதம். பிஞ்சுப் பிள்ளையில இருந்து என்னையக் கூட்டிப்போயி மிதிக்க விட்டாக. எனக்கு என்ன தெரியும்?" அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதையும் சொன்னேன். ஆனால் இனி யார் முதுகிலும் காலை வைக்காதே என்றதற்கு, "கூப்பிட்டா எப்படி மாட்டேங்கது?" என்கிறாள். நல்ல கதை.

பிப்ரவரி 19

விரல் அசைந்தது! மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்கள். "ஈ உக்காந்தா கூட இதவிட ஆடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் கஞ்சிக்கு இன்று பொரித்த சாளை மீன் வந்தது.

பிப்ரவரி 27

டாக்டரம்மா வந்து பயிற்சி சொன்னார்கள். மல்லாந்து, முழங்காலை மடக்கி, பிருஷ்டத் தசையை இறுக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். இடுப்புத் தசையும் வயிற்றுத் தசையும் பலப்பட்டால்தான் முதுகுக்குப் பாரம் குறையுமாம். மாமி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். "கருமம், சன்னலயாவது சாத்துளா!"

மார்ச் 6, திருநீற்றுப் புதன்

கோவிலுக்கு நடந்தே போனேன். எல்லாரும் முழங்கால் போட்டார்கள், நான் நின்றேன். பின்னால் யாரோ, "திமிரப் பாரு" என்றார்கள். ஆமாம், திமிர்தான். நிற்கிறேனே, அதுவே திமிர்.

பெருவிரலுக்கு இன்னும் பழைய பலம் வரவில்லை. இடது செருப்பு வழியெல்லாம் கழன்று விழுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 9

குடம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமி அரைக்குடம் அரைக்குடமாக எடுக்கிறார்கள். கிணற்றடியில் பேசுகிறார்களாம், மருமகளுக்கு மாமியார் தண்ணீர் சுமக்கிறாள் என்று. அதற்கு மாமி என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டால், அடுத்த அரைக்குடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று சாயங்காலம் என் புருஷன் போன தோணி திரும்பி வந்தது. இவுகளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கொழும்பில் கொப்பரை மூட்டை தூக்கும்போது பிடித்துக்கொண்டதாம். முகம் வெளுத்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து... கேட்கவே வேண்டாம், பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

காலையில் பூசை முடிந்ததும் தோணிக்காரர்கள் தாங்களாகவே சீனித்தாயைக் கூட்டி வந்துவிட்டார்கள். இன்று ஞாயிறு அல்லவா. அவள் தயங்கித் தயங்கி நிற்கிறாள். "ஏறி ஒரு மிதி மிதி, ஆளு எந்திரிச்சிருவாரு" என்கிறார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் ஆகிறது. சுவரைப் பிடித்து எழுவதற்குள் மாமி போய் வாசலை மறித்து, இரண்டு நிலையிலும் கையை ஊன்றி நின்றார்கள்.

"எம்மவன் மேல எவ காலும் படக்கூடாது. எல்லாரும் போங்க."

போய்விட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "இந்தக் கை அன்னைக்கு எங்க போச்சு மாமி? என் கையைப் பிடிச்சில்ல இழுத்துச்சு? மவன் இடுப்புன்னா இடுப்பு, என் இடுப்புன்னா இடுப்பு இல்லையா?"

மாமி நிலையிலிருந்து கையை எடுத்தார்கள். "கேளு. கேக்க வேண்டியவதான்" என்றார்கள். பிறகு, "இப்ப இவனுக்கு என்ன செய்யணும்னு சொல்லு."

சொன்னேன். மல்லாந்து படுக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே தலையணை வேண்டும், குனியக் கூடாது, பெருவிரலைத் தூக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும், எதிர்வீட்டுக்காரரை அனுப்பி டாக்டரம்மாவைக் கூட்டி வரச் சொல்ல வேண்டும்.

கீழே கிடந்து இவுக முனகினாக: "ஒரே ஒரு மிதி மிதிச்சாப் போயிரும்மா..."

"வாய மூடிக்கிட்டுக் கிட" என்றார்கள் மாமி. "அற்புதம் சொல்லியாச்சு."