தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

ஏலகிரி அடிவாரத்து ஆஸ்பத்திரி உனக்குப் பழகியிருக்கும். பேரணாம்பட்டில் உன் மருந்தறைக்குப் புது ஆள் வந்தாயிற்று. நான் வழக்கம்போல் தடுப்பூசிப் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன்.

அந்தப் புதன்கிழமை முகாமைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். தோல் பதனிடும் ஷெட்டில் அரை நாள் லீவு போட்டு வந்த முப்பது தாய்மார்கள். நீ ஒரு குப்பியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "மருந்து உறைஞ்சி கெட்டுப்போச்சு. ஒரு குழந்தைக்கும் போட விடமாட்டேன்," என்றாய். "இன்னாம்மா, பேஜார் பண்றியே!" என்று சவுரியம்மாள் குழந்தையை உன் மேஜை மேலேயே உட்கார வைத்தாள். நீ அசையவில்லை. யார் தப்பு என்று டாக்டர் கேட்டபோதும் என் பக்கம் திரும்பாமல், "மருந்துக்குப் பொறுப்பு நான்தான் சார்," என்றாய். அந்த நிமிஷம் எனக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் ஜாஸ்தி.

அந்த வாரமே உனக்கு மாற்றல் வந்தது.

வெயிலுக்குப் பயந்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸ் பேக்கைப் பெட்டியில் அடுக்கி மருந்தை உறைய வைத்தவன் நான். நேற்று அதை டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது நீ சொன்னபடி, ஐஸ் பேக் வியர்த்து உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்கிறேன். இன்று காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். ஊசி போட ஆஸ்பத்திரிக்கே குழந்தையோடு வந்திருந்த சவுரியம்மாள் சிரித்தாள்.

"இன்னாப்பா, ஐஸ்கிட்ட போன் பேசறியா?"

"ஆமாம்மா. எங்க அக்கா லைன்ல இருக்குது," என்றேன்.

இப்படிக்கு,
உன் பெட்டி சுமக்கும் தம்பி