ஆற்றுக்குள் விழுந்த கோயில்

9 டிசம்பர் '96, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சேறு. சமையல் கேஸ் தோங் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போன் போட வேண்டும். குடையைக் கிள்ளான் பஸ்ஸில் விட்டாயிற்று. இந்த வருஷத்தில் மூன்றாவது.

எங்கள் கல்விச் சங்கக் கட்டடத்தில் ஜி.ஐ.எஸ். தேர்வு முடிவுகள். பள்ளியில் படிவம் ஐந்து முடிக்கும் நம் பிள்ளைகளுக்காக நாங்களே உருவாக்கிய சான்றிதழ். கணினியில் வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எந்த நிலத்தில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. இது கையில் இருந்தால் ஒரு பிள்ளை நில அளவை ஆபீசில் போய் உட்காரலாம். அதற்காகத்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்த் தொண்டை கிழியப் பேசினேன். பாடத்திட்டம் எழுதியது நான். சான்றிதழில் கையெழுத்துப் போடுவதும் நான்.

கவிதா ஃபெயில்.

ஜெஞ்சாரோம் தோட்டத்துப் பிள்ளை. வகுப்பிலேயே கெட்டிக்காரி. நம்பாமல் அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் தோட்டத்துப் பக்கம்தான் கேள்வியே. அங்குள்ள கோயில் எந்த லாட்டில், எந்த நிலத் துண்டில் இருக்கிறது, ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம். கரையிலிருந்து தள்ளி, ரப்பர் ஸ்டோர் பக்கம் குறித்திருக்கிறாள். மாதிரி விடையில் கோயில் ஆற்றுக்கு நடுவில்! மற்ற பிள்ளைகள் எல்லோரும் கோயிலை ஆற்றில் போட்டுப் பாஸ்.

மாதிரி விடை தயாரித்தவன் எங்களுக்குக் கணினி விற்ற கம்பெனியின் ஆள். நில எல்லை காட்டும் லாட் வரைபடத்துக்கு ஓர் அளவு முறை, ஆறும் மலையும் காட்டும் டோப்போ வரைபடத்துக்கு வேறு முறை. கணக்குப் போட்டு மாற்றிய பிறகுதான் ஒன்றை மற்றதன் மேல் வைக்க வேண்டும். இந்த மகராசன் ஒரு மூலையைக் கண்ணால் பார்த்துப் பொருத்திவிட்டு எழுந்து போயிருக்கிறான். மறுமூலையில் எல்லாம் நழுவிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுத்த செய்முறைத் தாளிலும் அதே லட்சணம். மாற்றும் கணக்கை வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நான். காதில் வாங்கியவள் ஒருத்தி. அவள்தான் ஃபெயில்.

அவள் தாளை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

10 டிசம்பர், செவ்வாய்

சங்கத்துச் சேர்மனைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மேஜையில் பழைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், பக்கத்தில் சனிக்கிழமை விழா அழைப்பிதழ்கள். கவிதாவின் வரைபடத்தையும் மாதிரி விடையையும் விரித்துக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"டீச்சர், ஜவாப்பு ஒன்னுதான் இருக்க முடியும். எல்லாப் பிள்ளைங்களும் அததான் போட்டுருக்கு."

"ஆத்துக்குள்ள யாரு சார் கோயில் கட்டுவாங்க?"

"இப்ப போயி ஜவாப்பு தப்புன்னு சொன்னா மத்த பிள்ளைங்க எல்லாம் ஃபெயிலு. சர்ட்டிபிகேட் பிரிண்ட் ஆயிருச்சு. வை.பி. வராரு. என்ன செய்ய சொல்றீங்க?"

வை.பி. வருகிறாராம், தொகுதி எம்.பி. அவர் வந்து கோயிலைத் தூக்கிக் கரையில் வைக்கப் போகிறாரா?

கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டார். "அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. எல்லாரும் செஞ்ச மாரி இன்னொரு தடவ செய்யட்டும். பாஸ் போட்டுரலாம். சிம்பிள் லா."

வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஒரு கிழவர், "ஏம்மா, யாரத் திட்டுற?" என்றார். வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

12 டிசம்பர், வியாழன்

பழுது: குளியலறைக் குழாய். வாங்க: கிச்சாப், கறிவேப்பிலை, குடை.

கவிதா வந்தாள். சேர்மன் சொன்னதைச் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டாள். அம்மா சுங்கை வே ஃபேக்டரி வேலைக்கு அவள் பேரைக் கொடுத்துவிட்டார். 23ஆம் தேதி கம்பெனி பஸ் தோட்டத்துக்கே வரும், ஹாஸ்டலும் உண்டு. செமினியில் ஒரு சர்வேயர் ஆபீஸ் பேப்பரில் ஆள் கேட்டிருக்கிறது. ஜி.ஐ.எஸ். சான்றிதழ் இருந்தால் வரலாம், புதன்கிழமை நேர்முகம். அந்த வேலை கிடைத்தால் அம்மா விடுவார். கிடைக்காவிட்டால் பஸ்.

"அவங்க சொன்ன மாதிரியே செஞ்சுடு, கவிதா. முதல்ல பேப்பர வாங்கிக்க. மத்தத அப்புறம் பார்த்துக்கலாம்."

நான்தான் சொன்னேன். என் வாயால்.

கணினி முன்னால் உட்கார்ந்தாள். பிறகு திரும்பி, கிண்டல் துளியும் இல்லாமல் கேட்டாள்:

"எவ்வளோ தப்பா வேணும் டீச்சர்?"

மாதிரி விடையை எடுத்து முன்னால் வைத்தேன். அச்சுப் பிசகாமல் செய்து முடித்தாள். மகா சுத்தமான தப்பு.

சேர்மன் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, இந்தப் பிள்ளைக்கு வருதுதானே" என்றார். அந்த மேஜை மேலிருந்த கண்ணாடியைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

14 டிசம்பர், சனி

விழா. வை.பி. தாமதம். சாப்பிட, குளிர்ந்துபோன மீ ஹூன். இருபத்தோராம் நூற்றாண்டு என்று யாரோ பேசிக்கொண்டே இருந்தார். கவிதா நீலப் பாவாடை தாவணியில் மேடை ஏறினாள், அம்மா கைதட்டினார். ஒவ்வொரு சான்றிதழோடும் அவரவர் செய்த வரைபடம் இணைப்பு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் காட்டட்டும் என்று நான் சொன்ன யோசனை. எல்லோரும் பாராட்டினார்கள்.

தலைவலி. பனடோல் இரண்டு.

18 டிசம்பர், புதன்

மாலை போன். கவிதா. செமினி பஸ் நிலையத்துப் பொதுத் தொலைபேசி, பின்னால் லோரிச் சத்தம்.

"கெடைக்கல டீச்சர்."

சர்வேயர் லிம் என்று ஒருவராம். சான்றிதழைப் படிக்கவே இல்லை. பின்னால் இருந்த வரைபடத்தைத் திருப்பினார், உடனே ஆற்றில் விரலை வைத்தார். "'திஸ் டெம்பிள் கேன் ஸ்விம் ஆ?'ன்னு கேட்டாரு டீச்சர். ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. லாட்டையும் டோப்போவையும் மாத்தாம ஒட்டுற ஆள வெச்சிக்கிட்டா எங்க லைசென்ஸ் போயிரும்னாரு."

"நீ சொல்லலையா? உனக்குத் தெரியும்னு சொல்லலையா?"

"எப்படி சொல்றது டீச்சர். கீழ உங்க சைன் இருக்கு."

காசு விழும் சத்தம்.

"இது யாரு சைன்னு உங்க பேரக் கேட்டாரு. நான் வாயத் தொறக்கல. நீங்க கவலப்படாதீங்க."

லைன் அறுந்துவிட்டது.

என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். பதினேழு வயசுப் பிள்ளை. சேர்மனையும் கம்பெனிக்காரனையும் ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்தேனே, ஆற்றில் போடு என்று அவளிடம் சொன்னது அவர்கள் இல்லை.

அவளுடைய முதல் தாள் என் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் செமினி. கேட்டாராமே அந்த லிம். என் பேரை நானே போய்ச் சொல்கிறேன்.