சாராள் எழுதிய அர்த்தங்கள்

பம்பாய்
12-8-1968

அன்புள்ள சாராளுக்கு,

ஆண்டவர் தயவில் சுகமாயிருக்கிறேன். உன் இருமல் நின்றதா? மழைக்குக் கூரை ஒழுகுகிறதா?

எங்கள் மில் கேன்டீனில், கலைத்துப்போட்ட ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வார்த்தையாக்கும் போட்டி நடக்கிறதல்லவா? நீ கண்டுபிடித்து அனுப்பிய வார்த்தைகளையும் அர்த்தங்களையும் சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் படித்தேன். "இன்னா தாவீது, டிக்சனரிய முழுங்கிக்கினு வந்தியா?" என்று சோழவரத்துச் சின்னராசு முதுகில் தட்டினான். என் பெண்சாதி எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அதைக் கேள்விப்பட்ட மேனேஜர், இப்போது என்னை ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறார். காற்று மேலே படும்போதெல்லாம் கூசுகிறது சாராள். அடுத்த சனிக்கிழமை உன் பெயரைச் சொல்லிவிடத்தான் இருக்கிறேன். அதற்குள், இதோடு வைத்திருக்கும் புது எழுத்துகளுக்கும் கோபிக்காமல் அர்த்தம் எழுதி அனுப்பு. கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் அனுப்பு. இங்கே எதுவும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

சங்கு ஊதிவிட்டது. உன் அர்த்தங்களில் ஒன்றை மட்டும் நான் படிக்கவில்லை. 'அலோன்' என்றால் ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பது என்று எழுதியிருந்தாய். அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

உன்
தாவீது