உன் ரத்தத்திலிருந்து வளர்ந்தவை

இன்று காலை செல்களை வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. வெதுவெதுப்பான ஈரம், லேசான இனிப்பு. எத்தனை வருஷமானாலும் அது உன் முகத்தைத்தான் கொண்டுவருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் நாம் இருவரும் ஒரே மைக்ராஸ்கோப்பைப் பங்கிட்டுக்கொண்டோம். நோயை எதிர்க்கும் செல்கள் சுற்றியுள்ள திரவத்தை எப்படி விழுங்குகின்றன என்பதுதான் நம் ஆராய்ச்சி. செல்லின் சவ்வு கொசுவம் போல மடிந்து எழும். வட்டமாகக் குவிந்து கிண்ணமாகும். விளிம்பு மூடிக்கொள்ள, திரவம் உள்ளே போய்விடும். "வாயே இல்லே, எப்படிக் குடிக்கறது பாருடி" என்பாய். வலியசாலை அக்ரகாரத்து வீட்டுத் தமிழை நீ ஆய்வுக்கூடத்திலும் விட்டதில்லை.

செல்லுக்குள் சேதி கிளம்புவதால்தான் கிண்ணம் உருவாகிறது, அவ்வளவுதான் என்றார் நம் பேராசிரியர். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் கிண்ணத்தோட சுவர்தான்டி சேதியைச் சிதறாம பிடிச்சு வெச்சுக்கறது. வடிவம் கலைஞ்சா சேதியும் கலைஞ்சுடும்" என்று என்னிடம் வாதாடினாய். சோதித்துப் பார்க்க மனித செல்கள் தேவைப்பட்டன. நீயே கையை நீட்டினாய். ரத்தம் எடுத்து, அதிலிருந்து செல்களை வளர்த்தவள் நான்.

அப்போது நல்ல மழை. தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்துதான் வீட்டுக்குப் போய்வந்தாய். காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் நின்றுபோனது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் இதைத்தானே படிக்கறேள்? ஏதாவது பண்ணேன்டி."

"டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு மாமி" என்றேன்.

உன் காரியங்கள் முடிந்து, ஆய்வுக்கூடத்திலிருந்த உன் பொருட்களை வாங்கிப்போக மாமி வந்தார். உன் செல்கள் இன்னும் இருப்பதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. மைக்ராஸ்கோப்பின் முன்னால் அவரை உட்கார வைத்தேன். உன் செல்கள் மடிப்பு மடிப்பாக எழும்பிக் குடித்துக்கொண்டிருந்தன. மாமி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"உசிரோட இருக்கா?"

"இருக்கு மாமி."

"எத்தனை நாளைக்கு?"

அவை பெருகுகிற ரகம் இல்லை, இருக்கிறவரை இருக்கும். மாமி போனபின் வளர்ப்புத் திரவத்தை மாற்றினேன், சூட்டைச் சரிபார்த்தேன், மறுபடியும் மாற்றினேன். உன் சோதனையையும் செய்து பார்த்தேன். நீ சொன்னது சரியென்றோ தப்பென்றோ சொல்ல முடியாதபடி முடிவு மங்கலாக வந்தது. அப்புறம் ஒருநாள் மடிப்புகள் எழவில்லை.

இப்போதும் யாராவது ரத்தம் கொடுத்தால், செல்கள் வளர்ந்து வரும்வரை அவர் சௌக்கியமா என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள். சௌக்கியமில்லை என்று பதில் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்.