மண்டபத்தில் பந்து உருட்டிய புதன்கிழமை

"டீச்சர், நம்ம பக்கம் பந்து உருட்டி வெளாடுற இடம் எங்கனயாச்சும் இருக்கா?"

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு மல்லாங்கிணற்றுக்குத் திரும்பிய மறுவாரம் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்று காலை பக்கத்து வீட்டு மாடியில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் காயப்போட்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாசனை சன்னல் வழியாக உள்ளே வந்தது. கூடவே உங்கள் கேள்வியும் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்த மடலை இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு வேலை காரணமில்லை. வெட்கம்தான் காரணம்.

ஒரே பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் அடுத்தடுத்த வகுப்பில் நின்றோம். நீங்கள் பூகோளம், நான் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அன்று எனக்குப் புரியவில்லை என்றதும் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். மெழுகுவத்தி போல ஒல்லியாக, முழங்கை நீளத்தில் பத்துக் கட்டைகள். முக்கோணமாக நிறுத்தியிருப்பார்கள். பந்து தேங்காயை விடச் சின்னது, விரல் விட ஓட்டை கிடையாது, உள்ளங்கையில் அடங்கும். ஒரு முறைக்கு மூன்று பந்து உருட்டலாம். விழுந்த கட்டையை அப்புறப்படுத்த மாட்டார்கள். அதில் இடித்து இன்னொன்று விழுந்தாலும் கணக்குத்தான்.

"விழுந்ததுகூட வேலைக்கு ஆகுது பாத்தீகளா, ரிட்டயர்டு ஆன நம்மள மாதிரி" என்று சிரித்தீர்கள்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரியும். புற்றுநோய்க்காக மார்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு உங்கள் வலது கை அடிக்கடி வீங்கிக்கொண்டது. கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குடத்தை விட்டீர்கள், மாவாட்டுவதை விட்டீர்கள், பேரனைத் தூக்குவதையும் விட்டீர்கள். அந்த ஊரில்தான் அந்தக் கை ஒரு பந்தை எடுத்து உருட்டி, தூரத்தில் நின்ற கட்டையை விழ வைத்திருக்கிறது. "இந்தக் கையால இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தேன், டீச்சர். வாரத்துக்கு ஒரு தடவ ஆடுனாப் போதும். எடுத்து நிறுத்த ஒரு ஆளு, கூட ஆட ஒரு ஆளு. ரெண்டும் நீங்கதான்" என்றீர்கள். நானும் சரி என்றேன். அதை நான் மறக்கவில்லை.

முதலில் மதுரைக்குப் போனோம். அங்கே பெரிய வணிக வளாகத்தில் இருந்தது வேறு ஆட்டம். பூசணிக்காய் அளவுப் பந்து, அதில் மூன்று ஓட்டை. நீங்கள் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத உருட்டணும்னா என்னையும் சேத்துல்ல உருட்டணும்" என்றீர்கள். ஆளுக்கொரு கோன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அடுத்து சாத்தூர். ஒரு தீப்பெட்டி கம்பெனியில் நீளமான கொட்டகை ஒன்று காலியாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். ஃபோர்மேன் நாம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர், இங்கன ஒரு கரண்டி கீழ விழுந்தாலே அம்புட்டுப் பேரும் வாசலப் பாப்போம். நீங்க கட்டைய விழ வைக்கணும்ங்கிறீக!" பேருந்து நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே நடந்தோம். அந்த வழியில்தான் குழாய் சுற்றும் ஒரு வீட்டைப் பார்த்தோம். உங்களுக்கு யோசனை வந்தது. முழங்கை நீளத்தில் பத்துக் குழாய்கள் கேட்டு வாங்கினோம். சும்மா நிறுத்தினால் காற்றுக்கே விழுந்துவிடும் என்பதால் இரண்டு முனையிலும் களிமண் அடைத்து, உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வாரம் காயவைத்தோம். உங்கள் கை வலித்ததால் நீங்கள் நான்கு அடைத்தீர்கள், நான் ஆறு அடைத்தேன்.

காரியாபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேலாளர் இடம் தர ஒத்துக்கொண்டார். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை. பந்திக் கூடம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காலி. புதன்கிழமை காலை சாக்குப்பையில் குழாய்களையும், உங்கள் மகள் பெட்டியில் வைத்து அனுப்பிய கறுப்புப் பந்தையும் எடுத்துக்கொண்டு போனோம். நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முதல் பந்து சுவரோரமாகப் போய்விட்டது. இரண்டாவதில் மூன்று குழாய்கள் விழுந்தன. "டீச்சர்ர்ர்!" என்று வகுப்பில்கூடப் போடாத சத்தம் போட்டீர்கள். நான் உருட்டியதில் நான்கு விழுந்தன. "முதல் நாளே என்னய மிஞ்சுறீகளே" என்று பொய்க்கோபம் காட்டினீர்கள். அப்படி ஒரு பத்து நிமிடம் ஆடியிருப்போம்.

கல்தரையில் குழாய்கள் விழுந்த சத்தம் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார். வேறு ஊரில் காகிதக் குழாயைக் காகிதக் குழாயாகத்தான் பார்த்திருப்பார்கள். நம் பக்கத்தில் இரு முனையும் மண்ணடைத்த குழாய் என்றால் நடுவில் வெடிமருந்து இருக்கிறது என்றுதான் அர்த்தம். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் இருக்கும் நம் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் திருட்டுத்தனமாக வெடி சுற்றிய வீடு ஒன்று தரைமட்டமாகியிருந்தது.

"அண்ணாச்சி, இது வெளாட்டுக் கட்ட" என்றீர்கள்.

"எம்மா, அந்த வீட்டுலயும் வெளாட்டாத்தான் செஞ்சிருப்பாக" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

கிராம நிர்வாக அலுவலர் வண்டியில் வந்து இறங்கினார். என்னிடம் ஆறாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்ததும் திகைத்து, "டீச்சர், நீங்களும் வந்திருக்கீகளா?" என்றார்.

நான் சொன்னேன்: "நான் பேச்சுத் துணைக்கு வந்தேம்ப்பா. பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் இவுக கொண்டாந்தது."

நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். என் முகத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "ஆமா தம்பி, எல்லாம் என்னோடதுதான். அவுகள அனுப்பிருங்க" என்றீர்கள்.

நான் போனேன், டீச்சர். கைப்பையை எடுத்துக்கொண்டு, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் பேருந்து ஏறினேன். போலீஸ் வந்து சேர மதியம் ஆகியிருக்கிறது. அதுவரை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருந்தார்களாம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்திருக்கிறார்கள். பத்துக் குழாய்களையும் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்துவிட்டுத்தான் உங்களை விட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் நீங்களே எனக்குப் போன் செய்தீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா, டீச்சர்?" என்று கேட்டீர்கள்.

"கெடச்சுது" என்றேன். மன்னிப்புக் கேட்காமலே போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எந்த இடத்தையும் தேடவில்லை. கார்த்திகையில் நோய் திரும்பி வந்தது. பழம் வாங்கிக்கொண்டு வாரம் தவறாமல் வந்தேன். அந்தப் புதன்கிழமையை மட்டும் இருவரும் தொடவில்லை. ஒருநாள் உங்களைப் பார்க்க வந்த உறவுக்காரம்மாவிடம் நீங்களே அந்தக் கதையை எடுத்தீர்கள். "அந்தப் போலீஸ்காரரு கீறக் கீறக் களிமண்ணா வருது. நாலாவது குழாய்லயே அவருக்கு வெக்கமாப் போச்சு. இருந்தாலும் பத்தையும் கீறுனாரு பாருங்க, கடமைன்னா அது கடமை!" அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தனியாவா போனீக?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்க்காமலே, "ஆமா, தனியாத்தான்" என்றீர்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். மண்டபத்தில் சொன்னது பயத்தில் வந்தது என்றாவது வைத்துக்கொள்ளலாம். இந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் சொல்வேன்?

போன மாதம் வருமானச் சான்றிதழ் ஒன்றுக்காக, இப்போது நம் ஊருக்கே மாற்றலாகி வந்திருக்கும் அந்த அலுவலரைப் பார்க்கப் போனேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தார். நான் எழுந்திருக்காமல், "தம்பி, அன்னைக்கு அந்தக் குழாய்ல ஆறுக்கு மண்ணு அடச்சது நான்தான்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "எனக்கு அன்னைக்கே தெரியும், டீச்சர். வகுப்புல சன்னல் கண்ணாடி ஒடஞ்சிருக்கேன்னு நீங்க சொல்லி வாய மூடுறதுக்குள்ள, ‘நான் பந்தே தொடல டீச்சர்’னு ஒருத்தன் எந்திரிப்பான். கேக்காததுக்குப் பதில் சொல்றவன்தான் செஞ்சவன்னு பிடிச்சுருவீக. நான் உங்ககிட்ட பையப் பத்திக் கேக்கவே இல்லையே."

காகிதத்தை மடித்துக்கொண்டே, "அவுககிட்ட இதச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்ல, டீச்சர்? அவுக முன்னாலதான நீங்க சொன்னீக."

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லியே பாடம் நடத்தியவள் நான். எந்த உதாரணத்தைத் தேடினாலும் இதை எனக்கே இலேசாக்கிக்கொள்ள முடியவில்லை. உங்கள் கைக்குத் தேவைப்பட்டது ஒரு சின்னப் பந்தும், கூட நிற்க ஒரு ஆளும். பந்தை உங்கள் மகள் கடல் தாண்டி அனுப்பிவைத்தார். ஆள் பக்கத்திலேயே இருந்தும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த மடல் உங்களுக்கு வந்து சேராது. வேறு யாராவது படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ‘இவுக கூடவா வந்தீக?’ என்று யாராவது உங்களைக் கேட்டால், சுற்றி நிற்பவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் ‘ஆமாம்’ என்று சொல்லிப் பாருங்கள்.