இடது காதில் பஞ்சு

பிளஸ்ஸி அப்பாவுக்கு,

கீழ்க்கட்டளையில் அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். நாளை சர்ச்சுக்குப் போகவேண்டுமே என்று பிளஸ்ஸிக்குத் தலைக்கு ஊற்றினேன். இடது காதில் தண்ணீர் படக்கூடாதாம். பஞ்சில் வாஸ்லின் தடவி அடைத்து, கட்டிலில் படுக்கவைத்து, தலையைப் பக்கெட்டுக்கு மேல் தொங்கவிட்டு ஊற்றினேன். ஷாம்பு கண்ணில் பட்டும் அவள் அழவில்லை.

காதில் பந்து பட்டதென்று டாக்டரிடம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். நம் வீட்டில் பந்து கிடையாது.

அன்று நீங்கள் கை ஓங்குவதற்கு முன் கூப்பிட்டும் அவள் திரும்பாததற்கு டிவி சத்தம்தான் காரணம்.

தலை துவட்டும்போது கேட்டாள்: "அப்பா வந்தா வலது பக்கம் நின்னு கூப்பிடச் சொல்றியாம்மா? இந்தக் காதுல எதுவும் கேக்கல. வேணும்னே திரும்பலன்னு நெனச்சுப்பாரு."

சரி என்றேன். முடி காய்ந்துவிட்டது.

நீங்கள் வரவேண்டாம்.

இப்படிக்கு,
அவள் அம்மா