வாடகை லோரியும் கம்பெனி நாற்காலியும்

9 ஆகஸ்ட் 1957, வெள்ளி

காலையில் நல்ல மழை. ரப்பர் ஷீட் இரண்டு நடை. தோட்டத்திலிருந்து கிடங்கு, மறுபடி தோட்டம், மறுபடி கிடங்கு.

மூன்று மணிக்குத் துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பின்விளக்கு உடைந்ததைத்தான் கேட்கப்போகிறார் என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹெட் டிரைவர் வேலை! நாற்காலி, மேசை, தலைக்கு மேலே காற்றாடி. மற்ற டிரைவர்களுக்கு யார் எந்த லோரி, எத்தனை நடை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் கூடும். நான் ஓட்ட வேண்டியதில்லை. திங்கள் முதல் என் வருட லீவு. முடித்துவிட்டு 26-ம் தேதி வந்து பதில் சொன்னால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி பார்வதியிடம் சொன்னதும் தையல் மெஷின் நின்றது.

“பதினோரு வருஷம் வெயில்ல காஞ்சதுக்கு இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்காங்க.”

உடனே பாயசம். மகள் கமலா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சுதந்திர நாள் பள்ளிக்கூட ஊர்வலத்துக்காக வீட்டுக்குள்ளேயே நடை பழகினாள். லெப்ட், ரைட். தரை அதிர்ந்தது.

ஓட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தைதான் இறங்க மாட்டேன் என்கிறது.

10 ஆகஸ்ட், சனி

அரை நாள் வேலை. வரும் வழியில் மைமூன் அக்கா கடை. சீனி, சவர்க்காரம், வெள்ளை நூல் இரண்டு உருண்டை.

அக்காவின் வீட்டுக்காரர் மவுத்தாகி ஐந்து மாதம். கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து இப்போதுதான் கடையில் உட்காருகிறார். வீட்டுக்காரர் ஓட்டிய ஐந்து டன் லோரி கடைக்குப் பின்னால் கொட்டகையில், தார்ப்பாய்க்குள்.

“தம்பி, அந்த லோரிய நீங்க வாடகைக்கு எடுத்துக்குறீங்களா?”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெர்மிட் அக்கா பெயரில் இருக்கிறது. மாதம் ஒரு தொகை அவருக்கு. பெட்ரோல், டயர், ரிப்பேர் என் பொறுப்பு. சுமையை நானே தேடிக்கொள்ள வேண்டும். மிஞ்சுவது எனக்கு. அக்காவின் கொழுந்தனார் லோரியை விற்றே தீர வேண்டும் என்கிறாராம். இந்த மாதக் கடைசிக்குள் ஓட்ட ஆள் கிடைக்காவிட்டால் விற்றுவிடுவார்.

“நிறையப் பேரு கேட்டாங்க. அவங்க பிரேக் போடுற சத்தத்தத்தான் நான் கடையிலேருந்து கேக்குறேனே. நீங்க வளைவுல திரும்பினா கண்ணாடிப் போத்தல் ஆடாது.”

லீவில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பா.விடம் இன்னும் சொல்லவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன். பா. மதியம் வரை மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

“காச்ச வந்தா கம்பெனி டாக்டர் பாக்குறாரு. அந்த அக்கா பாப்பாங்களா?”

 யோசித்துப் பார்த்தது:

கம்பெனி — மாதம் பிறந்தால் சம்பளம். வண்டி நின்றாலும் சம்பளம். டாக்டர். காக்கிச் சட்டை வருடத்துக்கு இரண்டு. ஒரே சாலை. போ என்றால் போக வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். இனி அதுவும் இல்லை, நாற்காலிதான்.

வாடகை லோரி — நின்றால் பூஜ்யம். உடைந்தால் என் தலையில். எந்தச் சாலையும் போகலாம்.

இதை எழுதும்போதே எந்தப் பக்கம் கை வேகமாகப் போகிறது என்று எனக்கே தெரிகிறது. பா.வுக்குக் காட்டக்கூடாது.

12 ஆகஸ்ட், திங்கள்

தார்ப்பாயை எடுத்தோம். உள்ளே பூனை, மூன்று குட்டி. பாட்டரி மாற்றினேன். நாலாவது முயற்சியில் இஞ்சின் பிடித்தது. அக்கா கடை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார், உள்ளே போய்விட்டார்.

அவர் வீட்டுக்காரரிடம் சுமை தூக்கிய பாக் மான் கூட வருகிறார். மலாய்க்காரர், ஐம்பது வயது, என்னைவிட இரண்டு மடங்கு பலம்.

ஆற்றோரம் மற்ற லோரிகளோடு வரிசையில் நின்றோம். காலை ஏழிலிருந்து மாலை ஐந்து. ஒரு சுமைகூட இல்லை. சுமை கொடுப்பவர்கள் எங்களைத் தாண்டிப் பழைய ஆட்களையே கூப்பிட்டுப் போனார்கள். பாக் மான் மூன்று தடவை “தாப்பா, தாப்பா” என்றார். பரவாயில்லையாம். அவருக்கென்ன.

 ராத்திரி பா. தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

புக்கிட் காதிலுக்குத் தகரம், ஒரு நடை. திரும்பும்போது தேங்காய், ஒரு நடை. ஆக இரண்டு!

ஒரு காரியம் செய்தேன். ஆயர் குரோ பக்கம் உள்ளே ஒரு செம்மண் சாலை. எங்கே போகிறது என்று இவ்வளவு வருடமாகத் தெரியாது. போய்ப் பார்த்தேன். ஒரு குளம், நான்கு எருமை. அவ்வளவுதான். பாக் மான் என்னைப் பார்த்த பார்வை.

15 ஆகஸ்ட், வியாழன்

உடம்பெல்லாம் கிரீஸ். விவரமாக எழுதியே ஆக வேண்டும்.

ஆலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். அங்கிருந்து ஒரு குடும்பம் புக்கிட் ரம்பாய்க்கு வீடு மாறுகிறது. மகன் அங்கே மரப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து முன்னாலேயே போய்விட்டான். அம்மா, இரண்டு பெண்கள், அலமாரி, கட்டில், அடுப்பு, கூடையில் ஆறு கோழி. அந்த அம்மா பெயர் அஞ்சலை.

கிளம்பி மூன்று மைல்கூட ஆகவில்லை, மேட்டில் பின்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம். இஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை. இறங்காமலே தெரிந்துவிட்டது. பின் ஆக்சல் போயிற்று.

கம்பெனி வண்டியாக இருந்தால் டெலிபோன் இருக்கும் கடை வரை நடந்து, சொல்லிவிட்டு, மரத்தடியில் படுத்திருப்பேன். சம்பளம் ஓடும். இன்று வண்டி அக்காவுடையது, உடைப்பு என்னுடையது, சாமான் அஞ்சலை அம்மாவுடையது. பாக் மானை பஸ் ஏற்றி அக்காவிடம் சொல்ல அனுப்பினேன். லோரியை இழுத்துப் போக யாரையாவது ஏற்பாடு செய்வார் என்று எண்ணம். எவ்வளவு ஆகும் என்று விரலில் கணக்குப் போட்டேன்.

அஞ்சலை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க எதுக்கு வருத்தப்படுறீங்க? எங்களக் காத்துக்கிட்டு அங்க யாரு இருக்கா, மகன் வேலைலேருந்து வர அஞ்சாகும். அடுப்ப எறக்குங்க, தேத்தண்ணி போடுறேன்.”

ரோட்டோரம் ரப்பர் மரத்தடியில் அடுப்பு எரிந்தது. பெரிய பெண் கட்டிலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். கோழிகளையும் கொஞ்சம் வெளியே விட்டார்கள். போகிற லோரிக்காரர்கள் எல்லாம் கடை என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்கள்.

இரண்டரை மணி நேரம் கழித்து பஸ் ஒன்று நின்றது. முதலில் பாக் மான் பின்பக்கமாக இறங்கினார். சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றின் ஒரு முனை அவர் கையில். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டை வாயில் கடித்தபடி, மைமூன் அக்கா. பின்னாலேயே கண்டக்டர் கத்துகிறார்.

அக்கா திரும்பி, “இரும்புக்கும் சேத்து டிக்கெட் எடுத்தேன்ல? அப்புறம் என்ன?” என்றார்.

சாக்குக்குள் புத்தம் புது ஆக்சல். எண்ணெய் தடவிய காகிதம் பிரிக்காமல்.

“அவரு வாங்கிப் பத்திரமா வச்சிருந்தாரு. கட்டிலுக்கு அடியில. எத்தன தடவ கால்ல இடிச்சிருக்கேன்.”

சக்கரத்து நட்டுகளைக் கழற்றி உடைந்ததை இழுத்தேன். பாதிதான் வந்தது. மிச்சம் உள்ளே சிக்கிக்கொண்டது. விழித்துக்கொண்டு நின்றேன். கம்பெனியில் இதெல்லாம் பட்டறைக்காரர்கள் பாடு.

“அந்தப் பக்கத்து ஆக்சலையும் கழட்டுங்க தம்பி. அங்கேருந்து கம்பிய விட்டுக் குத்தித் தள்ளணும். அவரு அப்படித்தான் எடுப்பாரு.”

அக்காவை நிமிர்ந்து பார்த்தேன்.

“பதினாறு வருஷம் விளக்குப் பிடிச்சது யாருன்னு நெனச்சீங்க?”

குத்தித் தள்ளினோம். வந்தது. நாலரைக்கு வண்டி நகர்ந்தது. அஞ்சலை அம்மா கைதட்டினார். முன்னால் என்னோடு அக்கா, பின்னால் சாமானோடு மற்றவர்கள். ஐந்தரைக்கு புக்கிட் ரம்பாய். மகன் வாசலில் காத்திருந்தான். அஞ்சலை அம்மா கூலியோடு ஒரு கோழியையும் கொடுத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பா. என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வண்டி ஒடைஞ்சதுன்னு அக்கா கடைப் பக்கம் பேசிக்கிட்டாங்க. நீங்க என்ன சிரிச்சுக்கிட்டு வர்றீங்க?”

சிரித்தேனா? தெரியவில்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஆக்சலுக்குப் பணம் கொடுக்க அக்காவிடம் போனேன். பேச்சுப்படி ரிப்பேர் என் பொறுப்பு. வாங்கவில்லை.

“நேத்து வரைக்கும் நான் வேற மாதிரி யோசிச்சேன். மாசம் பொறந்தா கை நீட்டலாம், வண்டி ஓடினா என்ன நின்னா என்னன்னு. அது சரியில்ல. ஓடாத நாளைக்கு எனக்கு வாடகை வேணாம். பெரிய ரிப்பேர் பாதிப் பாதி. ஆனா ஒண்ணு தம்பி, சுமை இருக்குற நாளு உங்களுக்குக் காச்சன்னு சொல்லக்கூடாது.”

ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நாளைக்கு ஒரு நடை, நாளை மறுநாள் கம்பெனி நாற்காலி என்று போகக்கூடாது. நியாயம்தான்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

கோழிக் குழம்பு. குழம்பு நன்றாக இருந்தது, பேச்சு நன்றாக இல்லை.

பா. கேட்டாள்: “நாக்காலில ஒக்கார அவ்வளவு கசக்குதா?”

“கசக்கல. உக்காந்து மத்தவங்க வண்டி போறதப் பாக்கணுமே, அதான்.”

“ஒரு மாசம் சுமை இல்லன்னா?”

“தெரியல.”

“தெரியலன்னு சொல்றீங்களே, அதுவரைக்கும் நல்லது.”

கமலாவின் ஊர்வலப் பாவாடைக்கு விளிம்பு தைக்கப் போய்விட்டாள்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

அக்காவின் கொழுந்தனார் லோரி வாங்க ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் டயரை உதைத்துப் பார்த்தான். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? லோரி என்னுடையதா?

அக்கா கல்லாவை விட்டு எழுந்திரிக்காமலே, “மாசக் கடைசிக்கு இன்னும் நாளு இருக்கு” என்றார். அந்த ஆள் போய்விட்டான். கொழுந்தனார் என்னை முறைத்தார்.

இன்று ஒரு நடை மணல். நேற்று ஒன்றும் இல்லை.

22 ஆகஸ்ட், வியாழன்

மதியம் சாப்பிட வந்தால் வீட்டில் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற செட்டி வம்சம்; நெற்றியில் விபூதி, பேச்சு முழுக்க மலாய். எனக்குப் பின்னால் இத்தனை நாள் நடந்த வேலை அப்போதுதான் தெரிந்தது.

அவருடைய தம்பி புக்கிட் ரம்பாய் செங்கல் சூளையில் கணக்கெழுதும் கிராணி. புக்கிட் காதிலில் புதுப் பள்ளிக்கூடம் எழும்புகிறது. செங்கல் ஏற்றும் லோரிக்காரர் வேகமாக ஓட்டிப் பாதிக் கல்லை உடைத்துவிடுகிறாராம். நிதானமாக ஓட்டும் ஆள் வேண்டும். வாரம் ஐந்து நாள், கட்டடம் முடியும் வரை. ரவிக்கை அளவு எடுக்கும்போது பா. காதில் இது விழுந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் வளைவில் திரும்பினால் போத்தல் ஆடாது என்று மலாயில் சொல்லியிருக்கிறாள். அக்காவின் வார்த்தை அப்படியே!

அந்த அம்மா போனதும் அவளைப் பார்த்தேன்.

“நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க. சும்மா கேட்டு வச்சேன். அவ்வளவுதான்.”

கையில் ஊசி. முகம் துணியில்.

சாயங்காலம் சூளைக்குப் போய்ப் பேசினேன். ஒரு சோதனை நடை ஏற்றிவிட்டார்கள். இறக்கி எண்ணியபோது உடைந்தது நாலே கல்; செப்டம்பர் 2 முதல் நீயே ஏற்று என்றார்கள்.

26 ஆகஸ்ட், திங்கள்

கம்பெனி. துரை அறையில் பெட்டிகள், வைக்கோல், பழைய செய்தித்தாளில் சுற்றிய தட்டுகள். சுதந்திரம் வருகிறதே, அவரும் சீமைக்குக் கிளம்புகிறார். நாற்காலி வேண்டாம், வாடகை லோரிதான் என்று சொன்னேன்.   எழுந்து கை கொடுத்தார். இந்த மாதக் கடைசி வரை வேலை பார்த்துக் கொடுக்கச் சொன்னார். சரி என்றேன்.

வெளியே பெரிய கிராணி: “மூணு மாசத்துல திரும்பி வருவே. அப்ப அந்த நாக்காலில வேற ஆளு ஒக்காந்திருப்பான், பாத்துக்க.”

இருக்கட்டும். பயம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன்.

மாலை அக்கா கடையில் கையெழுத்து. சாட்சி பாக் மான்.

31 ஆகஸ்ட், சனி

சுதந்திரம். பாடாங் மைதானத்தில் கூட்டம், நகர இடமில்லை. கமலா செருப்பு வார் அறுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தாள். நேராகப் பார்த்தாள், எங்களைப் பார்க்கவே இல்லை. பா. அழுதாள். செருப்புக்கா, வேறெதற்கா என்று கேட்கவில்லை.

2 செப்டம்பர், திங்கள்

வானம் தெளிவு. ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர், எண்ணெய், டயர் பார்த்தேன். சூளையில் ஏழு மணிக்கு முதல் சுமை. பாக் மான் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டார்.

ஸ்டார்ட் செய்யும்போது பா. வந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். தலை வாரி, பூ வைத்து.

“செங்கல சரியா எண்ணுறாங்களான்னு பாக்கணும்” என்றாள்.

ஏறத் தெரியவில்லை. கை கொடுத்தேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். கம்பெனி லோரியில் வெளி ஆள் ஏறக்கூடாது என்று சட்டம், பெண்டாட்டியும் வெளி ஆள்தான். நான் ஓட்டும் வண்டியில் இவள் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

காஜா பெராங் தாண்டும் வரை கதவுப் பிடியை விடவில்லை. பிறகு விட்டாள். ஜன்னலில் முழங்கையை வைத்தாள்.

“இவ்வளவு ஒசரத்துலேருந்தா இத்தன வருஷம் ஊரப் பாத்துக்கிட்டிருந்தீங்க?”

சூளைக்குத் திரும்பும் சந்தி வந்தது. மணி ஆறரைகூட ஆகவில்லை.

“நேரம் இருக்கா? கடக்கர வழியா ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமா?”

ஏன் என்று கேட்க யாரும் இல்லை. கடற்கரைப் பக்கம் திருப்பினேன்.